நூல் அவிழாத விண்ணப்பங்கள் குறித்துக் கரைநல்லூர்ச் சபையார்க்கு

நீர்மலை நாடும் அதன் ஏரிகளும் வற்றாது வாழ்க. குடிகளின் குறை கேட்கும் வயமானதேவர் திருவடி நிழலில் ஓலைநாயகம் செய்யும் அமைச்சன் பரிதிக்கோ விடுக்கும் ஓலை. கரைநல்லூர்ச் சபைத் தலைவர் சாத்தங்குமரனாரும், உடனமரும் பதின்மரும், அவர்தம் வயலும் கன்றுகாலியும் நலம் பெறுக. நலம் கேட்டாயிற்று, இனி எம் நெஞ்சில் கிடந்து அடைப்பதைச் சொல்கிறோம்.

நீவிர் விடுத்த குற்ற ஓலை சென்ற பிறையில் வந்து சேர்ந்தது. கீழ்மதகுக் குடியிருப்பில் வாழும் வேம்பி என்னும் உழத்தி, நிறைந்த சபையின் நடுவே ஒரு விண்ணப்பத்தின் நூலை அவிழ்த்தாள் என்றும், அதை உரக்கப் படித்து அதன் தூய்மையைக் கெடுத்தாள் என்றும், ஆகவே அவளை ஊரைவிட்டு நீக்க அரசாணை வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். படித்தோம். மறுபடியும் படித்தோம். எழுத்தன் கை தவறிவிட்டதோ என்று வெயிலில் பிடித்தும் பார்த்தோம். விண்ணப்பத்தைப் படிப்பது குற்றம் என்று ஒரு சபை எழுதுமா என்று மன்னர் வினவினார்.

அவளை அழைத்து வந்து கேட்டோம். ஊர் நீங்கவேண்டி வருமோ என்ற அச்சம் முகத்தில் இருந்தும், வேம்பி முதலில் பேசியது தன் அடுப்பைப் பற்றித்தான். பெரிய ஏரியின் மதகுக்கு நேர்கீழே நாற்பது வீடுகள். அவற்றில் முதல் வீடு அவளுடையது. சித்திரை வெயிலிலும் அடுப்படி மண் ஈரமாயிருக்கிறதே, விறகு பற்றமாட்டேன் என்கிறதே என்று மேலே ஏறிப் பார்த்திருக்கிறாள். மதகின் பலகை உளுத்துப்போய், கல்லுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. அடுத்த பெருமழைக்கு அது தாங்காது என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

முறை தெரிந்தவள் அவள். ஏழு வீட்டாரின் கைக்குறி வாங்கி, ஓலை எழுதுவித்து, நூல் சுற்றி அரக்கு வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தாள். நீங்களோ எழுந்து நின்றீர்கள், சங்கு ஊதினீர்கள், ஓலையைச் சந்தனத் தட்டில் ஏந்திக் குடைபிடித்து மாடத்தில் வைத்தீர்கள். அவளுக்குப் பட்டும் தாம்பூலமும் கிடைத்தன. தன் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே போயிருக்கிறாள். அவள் கணவன் சேந்தன் அந்தப் பட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டினானாம்.

நாற்பது நாளாகியும் மதகுப் பக்கம் ஒரு தச்சன்கூட எட்டிப்பார்க்கவில்லை. தான் எழுதுவித்தது தெளிவில்லை போலும் என்று தன்னையே நொந்துகொண்டு, நல்ல எழுத்தனைத் தேடி இரண்டாம் ஓலை கொடுத்தாள். அது பல்லக்கில் போயிற்று. போன தடவையைவிட இந்தத் தடவை மேளம் கூடுதல், அவ்வளவுதான் என்று அவள் சொன்னபோது எம் அவையில் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தவள், தன் ஓலைகளைப் பற்றிச் சபையார் என்ன பேசினார்கள் என்று மாடக் காவலனைக் கேட்டாள். பேசுவதா, இங்கே எந்த ஓலையும் அவிழ்க்கப்பட்டதே இல்லையே என்று அவன் வியந்தான். உள்ளே முந்நூறுக்கு மேற்பட்ட ஓலைகள் பூவும் குங்குமமுமாய் இருந்தன. அவளுடைய முதல் ஓலையின் அரக்குகூட உடையவில்லை. அதை எடுத்துக்கொண்டு சபைக்குள் புகுந்து, இதைப் படியுங்கள் என்று கேட்டாள். போற்றி வைத்ததைக் கட்டவிழ்ப்பது முறையன்று என்று தலைவர் அன்பாகவே மறுத்தாராம். அவள் தானே அவிழ்த்துப் படித்தாள். அது காதில் விழாதிருக்க நீங்கள் சங்கு ஊதச் செய்தீர்கள். அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

இவ்வழக்கம் எங்கே பிறந்தது என்று விசாரித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சபையார் ஒருவர் விண்ணப்பக் கட்டைப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்ததைக் கண்டு, அப்போதைய மன்னர் அவரைப் பதவி நீக்கினார். அந்த அச்சத்தில் எழுந்து நிற்கத் தொடங்கினீர்கள்; பிறகு பூ வந்தது, குடை வந்தது, பல்லக்கு வந்தது. அச்சம் எமக்குப் புரிகிறது. பதினொரு பேர் பன்னிரண்டு ஆண்டு கூடியிருந்தும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் எமக்குப் புரியவில்லை.

ஆகவே மன்னர் ஆணை கேட்பீராக. கரைநல்லூரில் குடியிருப்பவர் எவரும், ஏழு கைக்குறி இருந்தாலும் தன் குறி ஒன்றே இருந்தாலும், சபைக்கு விண்ணப்பம் தரலாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சபை எழுத்தன் எழுதுக. தந்த அன்றைக்கே தந்தவர் கண்முன் நூல் அவிழ்த்து, அவர் காதில் விழும்படி படித்து, நீர் கேட்டது இதுதானா என்று அவரையே கேட்டுக்கொள்க. பதினைந்து நாளுக்குள் விடை சொல்க. செய்வதானால் யார், எந்நாளில் என்றும், மறுப்பதானால் ஏன் என்றும் சொல்க. விடையில் நிறைவில்லாதவர் எம்மிடம் வரலாம். அவரைத் தடுப்பவர் சபையில் இரார். மாடத்தில் கிடப்பவற்றைப் பழையது தொடங்கி இன்றே படிக்கத் தொடங்குக. எழுதியவர் இறந்துபோயிருந்தால் அவர் வீட்டாரை அழைத்து வைத்துப் படியுங்கள்.

வேம்பி குற்றமற்றவள். இவ்வோலையை அவளே உங்கள் நடுவே படிப்பாள்; சங்கு ஊதற்க. அவளோடு தச்சரும் கல்தச்சரும் வருகின்றனர். வேலை முடிய நாற்பது நாள் ஆகும் என்கிறார்கள். மழைக்கோ முப்பது நாள்கூட இல்லை. ஆதலால் நாற்பது வீட்டாரும் இன்றே மேட்டிலுள்ள உங்கள் மனைகளில் குடிபுகுக. சபையார் பதினொருவரும் மதகு சீராகும் நாள்வரை கீழ்மதகு வீடுகளில் தங்குக. தலைவர்க்கு முதல் வீடு.

அங்கிருந்து நீவிர் எழுதும் விண்ணப்பம் எதுவாயினும் எமக்கு வரட்டும். நீங்கள் வகுத்த மரியாதைகளில் ஒன்றும் குறையாமல் எழுந்து நின்று, பூச்சூட்டி, பல்லக்கில் ஏற்றி, மாடத்தில் வைப்போம்.

வயமானதேவர் பார்க்க, அமைச்சன் பரிதிக்கோ தன் கையால் அரக்கு வைத்தது. இச்சொல் நிற்க.