படகு முனையின் மூன்று துணிகள்

அன்பு மகன் பிரசித்துக்கு, உன் அப்பா சமான் தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை கேசினியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொரியாவின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். கோயிலில் நடக்கும் மாலை வகுப்பில் இப்போது எல்லா எழுத்தும் முடிந்துவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. தவிர, எனக்கு எழுதப் பிடித்திருக்கிறது. இன்று மட்டும் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் கடல் வடிந்துவிட்டதா என்று பார்க்கிறேன், மறுபடி வருகிறேன். தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்ததும் பந்தயம்.

கேசினியின் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் ஒரு ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்றின் மேல் மிதந்து போகும் படகு, செய்திருக்கிறார்கள். பலகை, இரண்டு காற்றாடி, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின், அடியில் காற்றைப் பிடித்துவைக்கத் தார்ப்பாயில் ஒரு பாவாடை. பாவாடையைத் தைத்துக் கொடுத்தது அம்மாதான். சேற்றின் மேல் அது வழுக்கிப் போவதைப் பார்த்தால் நீயே சிரிப்பாய், நாம் ஒரு காலை மடித்துப் பலகையில் வைத்து மறுகாலால் உந்தி மட்டி பொறுக்கப் போன சேறு அது. நேற்றுப் பந்தயத்துக்கு முன் படகைச் சோதிக்க வந்த தவீ வாத்தியார் படகு முனையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அம்மா விடியுமுன்பே போய், நம் எல்லாப் படகுக்கும் கட்டுவதுபோல, படகைக் காக்கும் யாநாங் தாயாருக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் துணியும் மாலையும் கட்டியிருந்தாள். அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளித்தான் முன் காற்றாடி. "பறக்குற துணி எதுவும் காத்தாடிகிட்ட இருக்கக் கூடாதும்மா, உள்ள இழுத்துரும்" என்றார். "அவுத்தா என் பொண்ணையும் சேத்து எறக்கிருங்க. தாயார் இல்லாத படகுல என் வீட்டுப் புள்ள ஏறாது" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கேசினி இல்லாவிட்டால் அந்தக் குழுவே இல்லை. ஓட்டுவது அவள்தான், மற்றவர்கள் கனம். அவள் கூட்டாளி சக்தா, "நான் ஓட்டுறேன் பெரியம்மா" என்று ஏறி உட்கார்ந்தான், படகு மண்ணை விட்டு எழவேயில்லை. "அடைகாக்குற கோழியாட்டம் இருக்கான்" என்று பிள்ளைகள் கேலி செய்ததில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடம் பாடுபட்டிருக்கிறார்கள் பிரசித். கேசினி அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. துணிகளை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நீ கொரியா கிளம்பும் முன்பு பெட்டியில் அம்மா கட்டிய தாயார் துணியை அவிழ்த்தாயே, அதே மாதிரி. இன்று காலை அம்மா, பாவாடையில் தையல் விட்டிருக்கிறது என்று அதைக் கழற்றிக்கொண்டு வரச்சொல்லி மிஷினில் உட்கார்ந்தாள். நான் வெளியே போவதும் வருவதுமாக இருக்கிறேன், மிஷின் நிற்கவில்லை. இப்போது நின்றுவிட்டது. "போகட்டும், ஓட்டட்டும்" என்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீர் இறங்கிவிட்டது, போகிறேன்.

மாலை. வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கேசினி இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். கடைசித் திருப்பத்தில் பழைய மூங்கில் குச்சி ஒன்று பாவாடையைக் கிழித்துவிட்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் கிழிசல் ஒரு கை அகலத்துக்கு மேல் போகவில்லை. நொண்டிக்கொண்டே மூன்றாவதாக வந்து சேர்ந்தாள், முதல் மூன்று குழுக்களுக்குப் பாங்காக் இறுதிப் பந்தயத்தில் இடம். தவீ வாத்தியார் குனிந்து கிழிந்த இடத்தைப் பார்த்தார். தார்ப்பாய்க்கு உட்புறம் சிவப்பு, பச்சை, மஞ்சள், நெருக்கித் தைத்திருந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "பறக்குற துணிதான் கூடாதுன்னேன், இது பறக்கல" என்று எழுந்துகொண்டார். சக்தா விடவில்லை, "பெரியம்மா, தாயார் முனையிலதானே இருப்பாங்க" என்றான். "காத்து இருக்குற எடத்துலதானடா இந்தப் படகு நிக்குது. அப்ப அவளும் அங்கதான் இருப்பா. நீ போய்ச் சோத்தக் கொறை" என்றாள் அம்மா.

கேசினி பாங்காக் போகும் வரை எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு வேலைக்குப் போகாதே. தாயார் உன்னைத் தண்ணீரிலும் பனியிலும் காக்கட்டும். ஒன்று சொல்ல மறந்தேன். நீ பெட்டியில் இருந்ததை அவிழ்த்த அன்று, உன் குளிர்கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறேன் என்று அம்மா வெகுநேரம் மிஷின் ஓட்டினாள். பொத்தானை யாரும் மிஷினில் தைப்பதில்லை என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது. கோட்டின் உள்துணியைத் தடவிப் பார். பிரித்துவிடாதே.

உன் அப்பா,
சமான்