மலட்டுப் பூச்சிகளின் பெட்டி

அன்புள்ள எயுஸ்தோலியா,

மெக்சிகோ நகரம் நிலநடுக்கத்தில் இடிந்ததே, உன் அண்ணனின் கோவேறு கழுதை தொலைந்ததே, அந்த வருடம்தான் நாங்கள் ஆறு பேர் அமெரிக்காவில் இந்த வெனாட்சி ஆப்பிள் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்தோம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, கூட வேலை செய்யும் ருத்திலியோ எழுதுகிறான்.

இப்போது மருந்து கிடையாது. ஆப்பிளைக் குடையும் புழுவின் அந்துப்பூச்சிகளை எங்கோ வளர்த்து, கதிர்வீச்சு பாய்ச்சி மலடாக்கி, குளிர்ப்பெட்டியில் அனுப்புகிறார்கள். தோட்டத்துப் பூச்சிகள் இவற்றோடு கூடினால் முட்டை பொரிக்காது. விடியலில் திறந்துவிடுவது என் வேலை.

செவ்வாயன்று திறக்கக் கை வரவில்லை. நாம் வாங்கி வைத்த தொட்டில் நினைவுக்கு வந்தது. அதில் இப்போது சோளக்கதிர்தானே கிடக்கிறது.

"என்ன செல்சோ ஐயா, பூச்சிக்கெல்லாம் பேர் வைக்கிறீங்களா?" என்றான் ருத்திலியோ.

"இதுகளைக் கேட்டுக்கிட்டா மலடாக்கினாங்க?"

"அப்ப பழையபடி மருந்தே அடிப்போமா? உங்ககூட மருந்தடிச்ச பிலெமோன் இருமினது மறந்துபோச்சா?"

திறந்தேன். குளிரில் தூங்கியவை வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக விழித்து, பூத்த மரங்களுக்குள் சாம்பல் நிறத்தில் மிதந்து போயின, துணை தேடி. தாம் மலடென்று அவற்றுக்குத் தெரியாது. ஏன் பிள்ளையில்லை என்று உன்னை எதிர்வீட்டுக்காரி கேட்டதுபோல் கேட்கவும் ஆளில்லை.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு. உன் கையால் மடித்துக் கட்டு. இறந்தோர் நாளில் இம்முறை ஐந்து மெழுகுவர்த்தி ஏற்று, பிலெமோனும் போய்விட்டான். வண்டி வந்துவிட்டது, ருத்திலியோ எழப் பார்க்கிறான். அன்று மருந்தடித்த ஆறு பேரில் மிச்சம் இருப்பது உன் செல்சோ.