கீழ்த்தளத்து நான்கு வீடுகள்

இராஜபாளையம்
10.6.2024

அன்புள்ள தம்பி எட்வினுக்கு, அக்கா செல்லக்கனி எழுதுவது.

நேற்றுக் காலை உன் குடியிருப்பு வாரியத்து ஆட்கள் வந்து, எங்கள் பிளாக்கில் கீழ்த்தளத்து நான்கு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாளில் காலி செய்யாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாம். ஒதுக்கியது ஒரு வீடு, குடியிருப்பது இன்னொரு வீடு என்பது குற்றமாம்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். வியாபாரத்தில் எதையும் எழுத்தில் வாங்கித்தான் எனக்குப் பழக்கம். தம்பியானாலும் அப்படித்தான்.

பழைய கட்டடத்தை இடித்துப் புதுசு கட்டிக் கொடுத்ததில் எங்களுக்குக் குறை இல்லை. தண்ணீர் மாடிவரை ஏறுகிறது, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் குலுக்கலில் எனக்கும் வெள்ளத்தாய்க்கும் மாரியாத்தாளுக்கும் கார்த்திகாவுக்கும் மூன்றாவது மாடி விழுந்தது. நாலு பேரும் ஆஸ்பத்திரி பேண்டேஜ் வேலை; துணி நான் பிடிக்கிறேன், அவர்கள் கூலிக்குச் சுருட்டுகிறார்கள். துணிக்கட்டை மூன்று மாடி தூக்கிப் போய், வெட்டி, சுருட்டி, பெட்டி போட்டு, மறுபடி கீழே இறக்குவது யாரால் ஆகும்? வெள்ளத்தாய் புருஷனுக்கு வேறு கால் விளங்காது. கீழ்வீடு கிடைத்தவர்களுக்கோ மாடிக்காற்று வேண்டும். பேசி மாற்றிக்கொண்டோம். பழைய கட்டடத்திலும் அப்படித்தானே நடந்தது.

ஒளித்தா செய்தோம்? வெள்ளத்தாய் மாறிய வீட்டில் இரண்டாம் தடவை பால் காய்ச்சினாள். நான் பாஸ்டரை மறுபடி கூப்பிட்டு ஜெபம் வைத்தேன். உங்கள் ஆபீஸ்காரர்களையும் அழைத்துக் கேசரி கொடுத்தோம். அன்றைக்கு அவர்கள் எடுத்த போட்டோதான் இன்று எங்களுக்கு எதிரான ஆதாரமாம். கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

அறிக்கை எழுதிக் கொடுத்தது யார் என்று ஒட்ட வந்தவரிடம் கேட்டேன். உன் பேரைச் சொன்னார். நீயா எழுதினாய்? ஆம், இல்லை, ஒன்றைச் சொல்.

உன் அக்கா,
செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பிரிஸ்கில்லாவும் பிள்ளைகளும் சுகம். உன்னைக் கேட்டார்கள்.

ஆம், நான்தான் எழுதினேன். ஆய்வுக்கு வந்த அன்று, மாடிப்படிக்கு அடியில் உன் துணிக்கட்டுகள் தலைமுட்ட அடுக்கியிருந்தன. ஒரு முழம் தள்ளி மீட்டர் பெட்டி. ஒரு பொறி விழுந்தால் மேலே இருக்கிற பன்னிரண்டு குடும்பமும் இறங்க வேறு வழி இல்லை. தீ என்றால் என்ன என்று பட்டாசு ஆலைகள் எரிகிற நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்த பிறகு பார்க்காததுபோல் வர என்னால் ஆகவில்லை. அதை எழுதினால், யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. நீ மட்டும் சத்தமில்லாமல் மூன்றாவது மாடிக்குப் போய்விடு. உன் நோட்டீஸை நான் நிறுத்திவிடுகிறேன். வாரியம் நடத்துகிற தையல் வகுப்புக்கு உன்னையே பொறுப்பாகப் போடச் சொல்கிறேன். பேண்டேஜை விட்டுவிடு அக்கா. உனக்கும் வயதாகிறது.

அன்புடன்,
எட்வின்


இராஜபாளையம்
16.6.2024

தம்பி எட்வினுக்கு,

படிக்கட்டுக்கு அடியில் இருந்ததை உன் கடிதம் வந்த அன்றே எடுத்துவிட்டோம். அது எங்கள் தப்புதான். நேரில் சொல்லியிருந்தால் உன் கண் முன்னாலேயே எடுத்திருப்பேன். ஆய்வுக்கு வந்த அன்று நீ காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாய்.

மற்றதற்குப் பதில், முடியாது. நான் ஒருத்தி மேலே ஏறிக்கொண்டு, வெள்ளத்தாய் புருஷனோடு தெருவில் நிற்பதை ஜன்னல் வழியே பார்க்கவா? அப்படி ஒரு வீடு எனக்கு எந்த மாடியிலும் வேண்டாம்.

தையல் வகுப்பு என்றாய். நீங்கள் கொடுத்த தையல் மிஷின்களில் பாதி இங்கே டிவி வைக்கிற மேசையாக நிற்கின்றன. இங்கே எல்லாருடைய கையும் சுருட்டிப் பழகிய கை. என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் சொந்தக்காலில் நிற்க வேண்டும் என்று வகுப்பு நடக்கிற ஹாலில் போர்டு வைக்கிறீர்கள். நின்றுகொண்டிருக்கிறவளைக் காலி பண்ணச் சொல்லிக் கதவில் ஒட்டுகிறீர்கள். இரண்டிலும் ஒரே ஆபீஸ் சீல்.

கெடு முடிகிற அன்று நான்கு வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும். நாங்கள் உள்ளே சுருட்டிக்கொண்டிருப்போம். பூட்டுகிறவர்கள் எங்களையும் சேர்த்துப் பூட்டட்டும். நீயே வா. உன்னைப் படிக்க வைத்தவள் நான் என்று அன்றைக்குச் சொல்லிக்காட்ட மாட்டேன். ஊருக்கே தெரியும்.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வந்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பரவாயில்லை.

எங்கள் பெரிய அதிகாரி சுந்தரபாண்டியன் ஐயா உடன் வந்ததை நீ கவனித்திருப்பாய். யாரும் எழுந்திருக்காததில் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போது மாரியாத்தாள், “பாத்து வாங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போற துணி, அழுக்காயிரும்” என்றார்கள். மனுஷன் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். திரும்பும்போது ஜீப்பில், “இதைப் பூட்டி நமக்கு என்னய்யா கிடைக்கப் போகுது?” என்று அவரே கேட்டார்.

அந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். மாற்றிக்கொண்ட இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் வீட்டை முறைப்படி மாற்றித் தர விதியில் இடம் இருக்கிறது. வீட்டில் தொழில் செய்ய ஓராண்டு அனுமதியும் கேட்டேன். சம்மதித்துவிட்டார்.

ஒரு நிபந்தனை மட்டும் நான் போட்டது. அனுமதி உன் ஒருத்தி பேரில் இல்லை, நாலு பேர் பேரிலும் தனித்தனியாக. அவர்கள் உனக்கு மட்டும்தான் சுருட்ட வேண்டும் என்று இருக்கக்கூடாது. நல்ல கூலி யார் கொடுத்தாலும் வாங்கலாம், நேராகவும் விற்கலாம். நீ சண்டை போட்டது அவர்களுக்காக என்றால் இதில் உனக்கு வருத்தம் இருக்காது. உனக்காக என்றால் அதையும் எழுதிவிடு. எழுத்தில் கேட்கிறவள் நீதானே.

அன்புடன்,
எட்வின்


இராஜபாளையம்
30.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டாத திட்டு இல்லை. துணி நான் அலைந்து பிடித்தது. ஆஸ்பத்திரி ஆர்டர் நான் வெயிலில் நின்று வாங்கியது. அதை வைத்துக் கை பழகியவர்கள் நாளைக்கு இன்னொருத்தனுக்குச் சுருட்டுவார்களா? கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் மூவரையும் கூப்பிட்டேன்.

வெள்ளத்தாய் கத்தவில்லை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “யக்கா, கதவத் தெறந்து போட்டு ஒங்களோட உக்காந்தோம்லா. பூட்டியிருந்தா நாங்களும்தான உள்ள கெடந்திருப்போம். பொறவு அனுமதியில பேரு மட்டும் எதுக்குத் தனியா ஒங்களுக்கு?”

மாரியாத்தாள் பின்னாலிருந்து, கூலியைக் கூட்டிக் கொடுத்தால் நாங்கள் ஏன் வேறு ஆளைத் தேடப்போகிறோம் என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பேரம் பேச அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று எனக்கே தெரியும். ஆகையால் உட்கார்ந்து பேசினோம்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மாடிக்குப் போனவர்களும் போட்டுவிட்டார்கள். உன்னிடமும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. இனி இங்கே எது தப்பாகப் பட்டாலும், பேனாவை எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் எழுத வேண்டியிருந்தால் எழுது, ஏன் என்று கேட்க மாட்டேன்.

மற்றபடி நாங்கள் ஒப்புக்கொண்டது இவ்வளவு. வீடும் அனுமதியும் அவரவர் பேரில். படிக்கட்டு காலியாக இருக்கும். வேலைக்குத் தனி வயர் இழுக்கிற செலவு என்னுடையது, தீயணைக்கிற சிலிண்டர் வாரியத்தினுடையது. யாருக்கு வேண்டுமானாலும் சுருட்டலாம், என் துணி வீட்டில் இருக்கிற வரை என் வேலை முதலில். கூலி டஜனுக்கு ஒரு ரூபாய் கூட, சனிக்கிழமை தோறும் கையில்.

உன் அக்கா,
செல்லக்கனி