பேகமும் பச்சை நைட்டியும்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போயிருக்கும் இடத்தில் எருமை இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் இந்நேரம் அதற்குத் தண்ணீர் காட்டக் கிளம்பியிருப்பாய், இதைப் படிக்க உனக்கு ஏது நேரம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கொல்லையில் உன் எருமை பேகம் மட்டும் விடியும்போதே கத்தத் தொடங்கிவிடுகிறாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள், வேறு யாரை?

துக்கம் கேட்க வந்த ஒருவர், "சொந்தக் கொட்டகை, சொந்தப் பால், குடுத்து வச்ச குடும்பம்" என்றார். அவர் மழைக்காலத்தில் நம் கொட்டகைக்குள் வந்ததில்லை. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, இந்தத் தெலுங்கு ஊரில் சைனிக்புரிக்கு அப்பால் வாங்கிப் போட்ட இடம் இது. அப்போது ஏழெட்டு எருமைகள். சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணீரும் கலந்து கணுக்கால் வரை நிற்கும். வைக்கோல் அடைத்துக்கொண்ட குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். என் கை சின்னது என்று அந்த வேலையை எனக்குத் தள்ளிவிட்டீர்கள். சாணிக் கூடையைத் தலையில் தூக்கினால் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஒழுகும். உண்ணி பிடுங்கினால் நகத்தடியில் ரத்தம் நிற்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது, அந்தக் கையோடுதான் இட்லி தின்பேன்.

"மூக்கப் பொத்திக்கிட்டு அள்ளாதடா. பால் குடிக்கறப்ப மட்டும் நாறலயா உனக்கு?" என்பாய்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் "பேட வாசன" என்று சொல்லித் தள்ளி உட்காருவான். தெலுங்கில் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையே சாணிதான். அழுதுகொண்டே வந்து சொன்னபோது நீ எலுமிச்சம்பழத் தோலை என் விரல்களில் அழுத்தித் தேய்த்துவிட்டாய். பிறகு உன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இது இனிமே போவாது" என்றாய். அன்றைக்கு உனக்கு என்ன வயது அம்மா? இப்போது உன் மருமகள் சுதாவுக்கு இருக்கும் வயதுகூட இருந்திருக்காது.

அப்பா போன பிறகு ஒவ்வொன்றாக விற்று, கடைசியில் பேகம் மட்டும் மிஞ்சினாள். நவாப் வீட்டு அம்மாள் மாதிரி அசைந்து நடக்கிறாள் என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். கன்று செத்ததிலிருந்து உன்னையே கன்றாக நினைத்தாளோ என்னவோ, உன் வாசனை வந்தால்தான் அவளுக்கு மடி சுரக்கும். "நான் கண்ண மூடினதும் இவள ஒரு நல்ல கையில குடுத்துடு. சுதா தலையில கட்டிடாத" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

நீ போன மறுநாள் பால் கறக்க நான் உட்கார்ந்தேன். பாத்திரத்தை உதைத்துத் தள்ளினாள். சுதா உட்கார்ந்தாள். அவளையும் உதைக்க வந்தாள். சாயங்காலத்துக்குள் மடி கல்லாக இறுகிவிட்டது. இப்படியே விட்டால் மடிநோய் வந்துவிடும் என்றார் மாட்டு டாக்டர். சுதாதான் சொன்னாள், "என்னங்க, அத்தையோட நைட்டிய மாட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கு வாசன தெரிஞ்சா போதும்."

கொட்டகை ஆணியில் நீ கழற்றி மாட்டியபடியே தொங்கிய அந்தப் பச்சை நைட்டி. காதோரம் நரைத்த உன் பிள்ளை, அலுவலகத்தில் நாலு பேரை அதட்டுகிறவன், மீசையோடு அதை மாட்டிக்கொண்டு போனேன். பக்கத்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். பேகம் என் தோளை முகர்ந்தாள். பெருமூச்சு விட்டாள். பால் இறங்கியது. நான் அவள் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை.

அந்த நைட்டியில் தைலம், தேங்காய் எண்ணெய், தவிடு, உன் வியர்வை எல்லாம் இருக்கிறது. உன் புடவைகளை உறவுக்காரப் பெண்கள் துவைத்து அடுக்கிவிட்டார்கள். எனக்கென்று நீ மிச்சமிருப்பது இதில் மட்டும்தான்.

போன வாரம் மௌலா அலியிலிருந்து ஒரு அம்மா வந்தார். எருமை வைத்துப் பிழைக்கும் குடும்பம். பேகத்தின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இந்தியில் பேசினார். நல்ல கைதான் அம்மா, பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் நைட்டியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொண்டுபோவேன், இல்லையென்றால் புது இடத்தில் சீவன் தவித்துப்போகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் உன் பேத்தி அன்றைக்கு, "நக்கோ பா, வேணாம், நைட்டிய மட்டும் குடுக்காதீங்க" என்றாள்.

சுதா தினமும் கொட்டகையைக் கழுவிவிட்டு, அவசரமாகக் குளித்து, பாடம் எடுக்கப் பள்ளிக்கு ஓடுகிறாள். இன்று காலை வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "என்னங்க, எம்மேல வாசம் வருதா?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். பிறகு மௌலா அலி அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தாலும் எருமைக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டுத்தான் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாய். கோபித்துக்கொண்டால், "உனக்கு வாய் இருக்கு, கேப்ப. அதுக்கு இருக்கா?" என்பாய். இப்போதும் நீ பேகத்தின் பக்கம்தான் பேசுவாய், தெரியும். எனக்கு வாய் இருக்கிறது அம்மா. ஆனால் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை உன் நைட்டியைப் போட்டுக்கொண்டு பால் கறக்கிறேன். பிறகு துவைக்காமல், மடித்து, பேகத்தோடு அந்த அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். முகர்ந்து பார்க்க ஒரு துண்டுகூடக் கிழித்து வைத்துக்கொள்ள மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

எருமைக்கு அடுத்தபடியாக நீ வளர்த்த
உன் பிள்ளை