ஒத்தப் புள்ளைப் பாட்டு

என் ஆசைத் தம்பி ஏழுமலைக்கு,

கோவத்துலதான் எழுதறேன். ஆசைத் தம்பின்னு ஆரம்பிச்சதால அடக்கி வாசிப்பேன்னு நினைச்சுக்காத. செத்தவங்களைத் திட்டக்கூடாதும்பாங்க. பட்டாளத்துக்குப் போய்ச் செத்தவனைத் திட்டவே கூடாதாம். நான் உனக்கு ஆறு வருஷம் முன்னாடி பொறந்தவ, எனக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது.

உன் பேர்ல ஒரு பாட்டு வந்திருக்கு, தெரியுமா? நாட்டுக்காக உயிர் விட்ட வீரர்கள் எல்லாருக்கும்தான் அந்தப் பாட்டு. ஆனா மூணாவது சரணம் முழுக்க நீதான், செலியமேடு ஏழுமலைன்னு ஊர்ப் பேரோட வர்ற. உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு நம்ம ஊர் இளைஞர் மன்றத்துக்காரங்க, தவளக்குப்பத்துல கச்சேரி நடத்தற ஒருத்தர்கிட்ட சொல்லி எழுதி வாங்கினாங்க. இப்ப காதுகுத்துக்கும் அதான், கட்சிக் கூட்டத்துக்கும் அதான். பாதிப் பேர் போன்ல ரிங்டோனும் அதான். பஸ்ல பக்கத்து சீட்டு ஆளுக்கு போன் வந்தா நீ ஒரு தடவை சாகற.

பாட்டுல வர்றவனை எனக்கு யாருன்னே தெரியல. சேத்துல பொறந்து சேத்துல வளர்ந்த சிங்கமாம். நடவு வயல்ல இறங்குடான்னா வரப்புலயே நின்னு போனைப் பார்த்துக்கிட்டிருப்ப. கரும்புச் சோகை கையைக் கிழிச்சா நாலு நாளைக்கு அதைத் தெருத்தெருவாக் காட்டிட்டுத் திரிவ. மலை ரோட்டுல பட்டாள வண்டி உருண்டு போய்ச் சேர்ந்த உன்னை, மார்ல குண்டு வாங்க வெச்சிருக்காங்க. அதெல்லாம் போகட்டும், பாட்டுன்னா கூடக் குறையத்தான் இருக்கும். என்னால முழுங்க முடியாதது ஒண்ணுதான். 'ஒத்தப் புள்ளையப் பெத்து நாட்டுக்குத் தந்த தாயே, இனி யாருமில்லாத தாயே'ன்னு முடியுது உன் சரணம்.

ஒத்தப் புள்ளையாம். அப்ப நான் யாருடா? விடிகாலைல பாகூர் ஏரிக்கரையில நீ ஓட ஓட, பின்னாடியே மொபெட்ல வந்து டைம் பார்த்தது யாரு? செலக்‌ஷன்ல ரெண்டு தடவை தோத்துட்டு வந்து குப்புறப் படுத்துக்கிட்டப்ப, போர்வையை உருவி மறுபடியும் ஓட வெச்சது யாரு? அப்பா போனப்புறம் உனக்கு நல்லது கெட்டது சொல்ல வேற யாருடா இருந்தாங்க?

ரெண்டாம் வருஷ நினைவு நாளுக்கு முன்னாடி, அந்த வரியை மாத்தச் சொல்லி நேரா தவளக்குப்பத்துக்கே போனேன். ஜங்ஷன்ல ஒரு கடைக்கு மேல மாடியில இருக்கு அவர் ரிகார்டிங் ரூம். மரியாதையான ஆளுதான், டீ வாங்கிக் கொடுத்தாரு. "ஒத்தப் புள்ளன்னாதாம்மா ஜனம் அழும். கல்லு மாதிரி ஒரு பொண்ணு பக்கத்துல இருக்குதுன்னு பாடினா எவன் அழுவான்?"னாரு.

"ஜனம் அழறதுக்காக நான் பொறக்காம இருக்க முடியுமா?"ன்னேன்.

"இது எல்லா வீரனுக்குமான பாட்டும்மா. உங்க குடும்பப் பாட்டு இல்ல." சொல்லிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டாரு. டீயை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

நினைவு நாள் அன்னைக்கு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. அம்மாவுக்கு சக்கரை ஏறி கால்ல புண்ணு, தனியா படி ஏற முடியாது. நான்தான் கைத்தாங்கலா ஏத்திவிட்டு, மருந்துப் பையோட பின்னாடி நின்னேன். சால்வை போட வந்த பெரிய மனுஷர் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "ஒத்தப் புள்ளையாம்மா? வேற யாருமே இல்லையா?"ன்னு கேட்டாரு. மைக் கிட்டவே இருந்துச்சு.

"யாருமில்லீங்க சாமி"ன்னுச்சு அம்மா.

கூட்டமே அழுதுச்சு. நம்ம தெருப் பொம்பளைங்களும் அழுதாங்க, என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டவங்க. வெளியூர் போட்டோக்காரர் ஒருத்தர், "அம்மாவுக்குத் துணைக்கு வந்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னாரு. தள்ளி நின்னேன். ஏன் நின்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

வூட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னாம்மா, நான் செத்துட்டனா?"

அம்மா கட்டு மாத்தறதுக்காகக் காலைத் தூக்கி என் மடியில வெச்சுச்சு. "ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொன்னா, அப்புறம் ஏன் அழுவறேன்னு கேப்பாங்கடி."

கட்டை அவிழ்த்தேன், கழுவினேன், மருந்து வெச்சேன். கை கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் போச்சு. வலிக்குதுன்னு அம்மா சொல்லல.

உன் மேலயும் கோவம்தான். கடைசியா போன் பண்ணப்ப, லீவு போட்டு வந்து நீயும் நாலு நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடான்னு கத்தினேன். "நீதான் இருக்கியே, அப்புறம் இன்னா"ன்னு சிரிச்சுட்டு வெச்சுட்ட. அதுக்கப்புறம் உன் குரலை நான் கேட்கல. நான் இருக்கேன்னு நீ சொன்ன. யாருமில்லன்னு பெத்தவ சொல்லுது. உங்க ரெண்டு பேர்ல யாரை நான் நம்பறது?

உன்னை நினைச்சு நிம்மதியா ஒரு நாள் அழலாம்னு உட்கார்ந்தா, எங்கேயாவது அந்தப் பாட்டு கேட்குது. உடனே அழுகை போய் ஆத்திரம் வந்துடுது. என் தம்பிக்கு நான் அழறதைக்கூடப் புடுங்கிக்கிட்டாங்கடா.

அடுத்த மாசம் மூணாவது நினைவு நாள். இந்த வருஷம் அந்தப் பாட்டு போடறப்ப எல்லாரும் எழுந்து நிக்கணுமாம், நோட்டீஸ்லயே அடிச்சிருக்காங்க. அம்மாவை நான்தான் கூட்டிட்டுப் போவேன். மேடை ஏத்துவேன், இறக்குவேன், மருந்து நேரத்துக்கு மருந்து கொடுப்பேன். அதுல ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனா உன் மேல சத்தியமா சொல்றேன், உன் சரணம் வர்றப்ப நான் எழுந்திரிக்க மாட்டேன். ஊரே நிக்கட்டும், முன் வரிசையில நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பேன். எவனாவது வந்து, "யாரும்மா நீ, செத்தவனுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதா?"ன்னு கேட்கட்டும். கேட்கணும்னுதான் உட்கார்றேன்.

உனக்கு முன்னாடி அதே வயித்துல இருந்தவ,
உன் அக்கா
அஞ்சலாட்சி