கீழ் வகுப்புக்கு மாற்றிவிடாதே

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, உனக்கு ஒரு வாரமாக இருமல் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன், முதலில் வெந்நீர் குடி, தலை ஈரத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று, குழாய்க்காரர் நாலு நாள் டிமிக்கி கொடுத்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தார். உன் அண்ணன் மாதம் ஒருமுறை வருகிறான், என்னைப் பார்க்க வருகிறானா ஃப்ரிட்ஜைப் பார்க்க வருகிறானா என்று தெரியவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நீயும் போனை எடுத்தால் "கிளாஸ் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய், அந்த அப்புறம் நாலு மாதமாக வரவில்லை.

அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நீ இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாயே, அந்த வகுப்பில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரில் நானும் சேர்ந்திருக்கிறேன். மாடிவீட்டு நர்ஸ்தான் செல்போனில் எல்லாம் செய்து கொடுத்தாள். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமைதோறும் உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் யாரையோ "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாய், நானும் இங்கிருந்து சாப்பிட்டேன் என்று சொல்கிறேன். வீட்டுப்பாடத்தைச் சரியாக எழுதினால் ஒரு பச்சை டிக்தான் வருகிறது, தப்பாக எழுதினால் உன் குரலில் திருத்தம் வருகிறது, இதை இரண்டாம் வாரமே கண்டுகொண்டேன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவள், இப்போது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை சேர்க்கிறேன். "பரவால்லைங்க, மெதுவா வரும்" என்று நீ சொல்வதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேனோ.

பேராசை, வாராவாரம் பிழையைக் கூட்டிக்கொண்டே போனேன். நேற்று உன் செய்தி வந்தது. "உங்களுக்கு இந்த கிளாஸ் கஷ்டமா இருக்கு போல, அடுத்த வாரத்துலேருந்து கீழ் கிளாஸுக்கு மாத்திடறேன், அங்க கம்ப்யூட்டரே சொல்லிக்கொடுத்து அதுவே திருத்திடும்" என்றாய். எனக்குப் பகீரென்றது. அந்தக் கம்ப்யூட்டர் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்குத் தமிழ் நன்றாகவே வரும்டி, தனியாக இருக்கத்தான் வரவில்லை.

உன்னை ஏமாற்றியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல், நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. உனக்குப் பின்னால் தெரிகிற ஜன்னலைச் சாயங்காலமானால் மூடி வை. கோபம் வந்தால் திட்டு, ஆனால் எழுதித் திட்டாதே, கூப்பிட்டுத் திட்டு.

இப்படிக்கு,
எந்நேரமும் வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா