லைட் பெட்டிக்குள் ஒரு மாடி அறை

மே 10, சனி

கத்திரி வெயில். காலையிலேயே புழுக்கம். பள்ளிக்கூடம் லீவு, அதனால் மாடல்களைப் படம் எடுக்க லைட் பெட்டி செய்யும் வேலை. கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியில் மூன்று பக்கமும் ஜன்னல் மாதிரி வெட்டி டிரேசிங் பேப்பர் ஒட்டினேன். உள்ளே வெள்ளைச் சார்ட், மடிக்காமல் வளைத்து. பின்சுவர் எது, தரை எது என்று தெரியக்கூடாது. இரண்டு பக்கமும் எல்இடி பல்பு, மேலே ஒன்று. பிளேடு பட்டுக் கட்டைவிரலில் கீறல்.

சோதனைக்கு என் பழைய டவுன் பஸ் மாடலை வைத்து போனில் எடுத்தேன். நிழலே இல்லை, ஷோரூமில் நிற்கிற மாதிரி. குவைத்தில் இருக்கிற வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கின படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான் மனுஷன்.

மே 12, திங்கள்

அரிமளம் கலைச்செல்வி கேட்ட வீட்டு மாடல் முடிந்தது. இடித்துவிட்ட அவர்கள் வீடு. மங்கலாக ஒரே ஒரு போட்டோ, மீதி எல்லாம் அவர் போனில் சொல்லச் சொல்லச் செய்தது. ஃபோம் ஷீட். கீழே இரண்டு அறை, வெளிப்பக்கம் படி, மாடியில் ஒற்றை அறை.

மாடிக் கதவு மூடித்தான் இருக்கணும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். அவர் அப்பா அந்த அறையில்தான் செத்தாராம். ராத்திரி நெஞ்சுவலி. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. கதவைச் சட்டத்தோடு சேர்த்தே ஒட்டிவிட்டேன்.

மத்தியானம் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தேன். படத்தில் மாடிக் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மாடலை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது. நகம்கூட நுழையவில்லை.

மே 13, செவ்வாய்

கேஸ் புக் பண்ணணும். மீன்காரர் வந்தார், வாங்கவில்லை.

இவர் வீடியோ காலில் பார்த்துவிட்டு, மேல் பல்போட நிழல் அது, அணைச்சிட்டு எடு என்றார். அணைத்தேன். கோடு இருக்கிறது. இடது பல்பு மட்டும். வலது மட்டும். இருக்கிறது. வாசல் வெயிலில் வைத்து எடுத்தால் இல்லை. பெட்டிக்குள் வைத்தால் வருகிறது.

பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். கோடு ஒரே அகலமாக இல்லை. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். தரையில் கிடந்தபடி யாரோ உள்ளேயிருந்து தள்ளின மாதிரி. பட்டப்பகல், தெருவில் கல்யாண வீட்டு மைக் செட் சத்தம். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் ஜெபமாலைக்குப் போனேன். வாய் சொன்னது, மனசு நிற்கவில்லை.

மே 14, புதன்

வெயிலில் எடுத்த படத்தை மட்டும் கலைச்செல்விக்கு அனுப்பினேன். நல்லா இருக்கு, பெட்டியில் வைத்து எடுப்பதாகச் சொன்னீர்களே, அதையும் அனுப்புங்க என்று பதில். அனுப்பினேன். பார்த்துவிட்டார். துணி மடித்தேன். பீன்ஸ் அடிப்பிடித்தது.

இருட்டுவதற்கு முன் கூப்பிட்டார். பெட்டியில் ஏதோ கோளாறு, நிழல் விழுகிறது, சரி செய்து தருகிறேன் என்றேன்.

"கதவு தொறந்துதான் இருந்துச்சு டீச்சர். நான் ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையே."

பிறகு அவரே சொன்னார். அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த ராத்திரி முழிப்புத் தட்டி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். மாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. விடிந்து பார்த்தால் சாத்தியிருந்தது. சொன்னதற்கு எல்லாரும் கனவு கண்டிருப்பே என்றார்களாம். பிறகு அவருக்கே கனவுதான் என்று ஆகிவிட்டது. மூடின கதவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அந்த நினைப்பு போய்விடும் என்றுதான் மாடலே கேட்டாராம்.

எதையும் மாத்த வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாரேன் என்றார். வராதீங்க என்று சொல்ல நினைத்தேன். வாங்க என்றேன்.

மே 16, வெள்ளி

வந்தார்கள். அம்மா ஒல்லி. நரைமுடியை இறுக்கி முடிந்திருந்தார். காபி வேண்டாம், தண்ணி போதும் என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதை, கால் வலி. மாடலைப் பார்த்ததும் சிரித்தார். படி இங்கிட்டுத்தான், சரியா வச்சிருக்கீங்க என்றார்.

பெட்டிக்குள் வைத்து பல்பைப் போட்டேன். கலைச்செல்வி போனை நீட்டினார். "இதைப் பாரு ஆத்தா."

அம்மா போனைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை.

"கூப்பிட்டாரு. மேல போனேன். கதவு வரைக்கும் தவழ்ந்து வந்து, தொறந்துக்கிட்டுக் கெடந்தாரு. கையை உள்ள தள்ளிவிட்டுட்டுச் சாத்திட்டு வந்தேன். உள்ள தாப்பா போட்டிருந்துச்சு, விடிஞ்சு இடிச்சுத்தான் தொறந்தேன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்."

ஏன் என்று கலைச்செல்வி கேட்கவில்லை. அம்மாவின் இடது காதுக்குக் கீழே தாடையில் பழைய தழும்பு ஒன்று, நீளமாக. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்பை அணைக்கணும் என்று நினைத்தேன், அணைக்கவில்லை. டிரேசிங் பேப்பர் வெள்ளையாக எரிந்துகொண்டே இருந்தது.

போகும்போது அம்மா என்னிடம் மட்டும் மெதுவாக, "நெழலுதானே டீச்சர்?" என்றார்.

நிழல்தாம்மா என்றேன்.

பஸ் ஸ்டாப்புக்கு அம்மா முன்னால், கலைச்செல்வி நாலெட்டு பின்னால். பஸ் வந்ததும் அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டுத்தான் மகள் ஏறினார். மாடலைக் கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மே 17, சனி

லேசாகத் தூறல், மண் நனையவில்லை. பெட்டியைப் பிரித்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. சார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கலைச்செல்வி மெசேஜ்: ஆத்தா ராத்திரி நல்லாத் தூங்குச்சு. நான் தூங்கலை. வீட்டை நீங்களே வச்சுக்கங்க டீச்சர்.

இங்கே வைக்க இடமில்லை என்று பதில் போட்டேன். இடம் இருக்கிறது.